ஒருநாள் ஏழை

அந்தச் சனிக்கிழமை காலையில் வெங்கடாசலம் தம் வீட்டை ஏழை வீடாக மாற்றிக்கொண்டிருந்தார். பித்தளை அண்டா பரணுக்கு ஏறியது. சுவர்க் கடிகாரம் நெல் குதிருக்குள் போனது. அவர் மனைவி அம்சா மட்டும் காதுத் தோட்டைக் கழற்ற மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள்.

"இன்னாத்துக்குங்க இந்த வேஷம்? எட்டுக் காணி வெச்சிக்கினு கூலிக்காரன்னு சொல்றீங்க. ஊரே சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போவட்டும். சும்மா வர்ற பணத்த எவனாவது வேணாம்னு சொல்வானா? ஜல்தி கழட்டு."

விஷயம் இதுதான். அது 1946-ஆம் வருஷம். அவர்களுடைய ஒரே மகன் விருத்தாசலம் திண்டிவனத்தில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, மெட்ராஸ் காலேஜில் சேர மனுப் போட்டிருந்தான். விழுப்புரத்தில் அரிசி மில் வைத்துப் பொருள் சேர்த்த ஒருவர், ஏழைப் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்புவதற்காக ஒரு நிதி ஏற்படுத்திவிட்டு இறந்திருந்தார். தாலுகாவுக்கு ஆண்டுதோறும் ஒரு மாணவன். மனுவோடு, குடும்பத்துக்கு நிலம் நீச்சு ஏதும் இல்லை என்று கிராம முன்சீப்பின் சான்று வேண்டும். முன்சீப் அம்சாவின் தம்பி. சான்று காப்பித் தம்ளர் ஆறுவதற்குள் கைக்கு வந்தது. நிதியின் காரியதரிசி சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் வீடு பார்க்க வருகிறார் என்ற ரகசியமும் அதே வழியில் வந்து சேர்ந்தது.

கூரை வீடாக இருந்தது நல்லதாகப் போயிற்று. உழவு எருது ஒரு ஜோடியும், கூடத்தில் அடுக்கியிருந்த பதினைந்து மூட்டை மல்லாட்டைக் கடலையும்தான் மறைக்க முடியாதவை. வெங்கடாசலம் தம் பண்ணையாள் பெரியசாமியைக் கூப்பிட்டார்.

"இந்த மாட்ட ஓட்டிக்கினு போயி உன் வூட்டாண்ட கட்டு. மூட்டைங்களையும் அங்கியே எறக்கிடு. சாயங்காலமா எடுத்தாந்துடலாம். எவனாவது கேட்டா உன்னுதுன்னு சொல்லு."

பெரியசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னுதுன்னு சொன்னா எவன் நம்புவான் ஆண்டே?"

"நம்புவான். சொன்னதச் செய்."

ஏன், எதற்கு என்று கேட்டுப் பெரியசாமிக்குப் பழக்கமில்லை. இருபது வருஷமாகச் சொன்னதைச் செய்தே வளர்ந்த உடம்பு அது. மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பதினோரு மணிக்குக் காரியதரிசி சீனுவாசன் குடையும் காகிதக் கட்டுமாக வந்தார். வெறுங்கூடத்தைப் பார்த்தார். வெறும் தொழுவத்தைப் பார்த்தார். "கூலி வேலைதாங்க ஐயா" என்று வெங்கடாசலம் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு இன்னொரு காகிதத்தை எடுத்துப் புரட்டினார்.

"இதே ஊர்லேருந்து இன்னொரு மனு வந்திருக்கு. பெரியசாமி மகன் மாரியப்பன். உங்க பையனைவிட இவன் மார்க்கு அதிகம். வீடு எந்தப் பக்கம்?"

வெங்கடாசலத்தின் மாடும் மூட்டையும் இப்போது அந்த வீட்டில்தான் இருந்தன. மாரியப்பன் பாஸ் செய்தது அவருக்குத் தெரியும். ஆனால் அவனும் காலேஜுக்கு மனுப் போடுவான் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை. தம் மாட்டை மேய்க்கிறவனுக்கு ஒரு மகன் இருக்கிறான், அவனுக்கும் ஆசைகள் இருக்கும் என்பதெல்லாம் அவர் கணக்கில் எப்போதும் வந்ததில்லை. 'அந்த மாடு என்னுது.' சொல்ல வேண்டியது மூன்றே சொல். அவர் சொல்லவில்லை. கை மட்டும் தானாக எழுந்தது.

"ஏரிக்கரை ஓரமா போங்க. வேப்பமரத்தாண்ட குடிசை."

குடை ஏரிக்கரையில் சின்னதாகிக்கொண்டே போவதை அவர் பார்த்தபடி நின்றார். ஓடிப் போய்த் தடுக்க நேரம் இருந்தது. பக்கத்தில் நின்ற விருத்தாசலம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, விருத்தாசலத்துக்கு உதவி கிடைத்ததாகக் கடிதம் வந்தது. நிதிப் பணம் வரும்வரை காத்திராமல் வெங்கடாசலம் தம் கையிலிருந்தே கட்டி மகனுக்குக் காலேஜில் இடம் பிடித்தார். அம்சா பாயசம் வைத்தாள். மறுநாள் பெரியசாமி தொழுவத்தருகே வந்து நின்றான். துண்டு கையில் இருந்தது.

"ஆண்டே, நம்ம மாரியப்பனுக்குக் கெடைக்கலீங்க. வூட்ல ஜோடி எருதும் மூட்டைங்களும் நேர்லயே பாத்தோம்னு கடுதாசில எழுதிக்கிறாங்களாம். அந்த ஐயா கேட்டப்ப என்னுதுதாங்கன்னு சொல்லிட்டேன். அவரு இன்னாத்துக்கு வந்தாருன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. எம் வாயாலயே எம் பையன் படிப்பக் கெடுத்துட்டேங்க."

வெங்கடாசலம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்பப் போயி என்னுது இல்லன்னு சொல்லிடட்டுங்களா? உங்க பேரை எடுக்கவே மாட்டேன். நீங்க போன்னு சொன்னா போறேன்."

உண்மையைச் சொல்ல ஒரு மனிதன் உத்தரவு கேட்டு நின்றான். அதைக்கூட உடனே கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"பாக்கலாம். ரெண்டு நாள் போவட்டும்."

அந்த இரண்டு நாள் பத்து நாளாயிற்று. அதற்குள் மாரியப்பன் வேலை தேடி விழுப்புரத்துக்குப் போய்விட்டான்.

பணம் வாங்கக் கையெழுத்துப் போடுவதற்கு வெங்கடாசலமும் மகனும் விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கினார்கள். சரக்குக் கொட்டகையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் இவர்களைப் பார்த்ததும் முதுகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தான். மாரியப்பன்தான். தோள்பட்டையில் தோல் உரிந்திருந்தது.

"விருத்தாசலம்! கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். கணக்குல மட்டும் ஜாக்கிரதையா இரு. சந்தேகம் வந்தா ஒரு கார்டு போடு, தெரிஞ்சத எழுதி அனுப்பறேன்."

அவன் முகத்தில் பொறாமையைத் தேடிப் பார்த்தார் வெங்கடாசலம். இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அது இல்லை. வழியெல்லாம் விருத்தாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தான்.

சீனுவாசன் காகிதத்தை நீட்டினார். வெங்கடாசலம் பேனாவை வாங்கினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, அன்னிக்குப் பெரியசாமி வூட்ல நீங்க பாத்த மாடு என்னுது. மூட்டையும் என்னுது. நான்தான் அவன அப்படிச் சொல்லச் சொன்னேன். அவன் பையன் இப்ப இங்க ரயிலடியில மூட்டை தூக்கறான்."

சீனுவாசன் காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். குரல் உயரவில்லை.

"உங்களை ஏழைன்னு எழுதினது இருக்கட்டும். சோத்துக்கு இல்லாத ஒருத்தனைப் பணக்காரன்னு என் கையால எழுத வெச்சிட்டீங்களே! பணம் இனி மாரியப்பனுக்குத்தான். உங்க பையனை உங்க மல்லாட்டையே படிக்க வைக்கும். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க பையனுக்கு முன்கூட்டியே பணம் கட்டி இடம் பிடிச்சீங்க. அவனுக்கு யார் கட்டினா? காலேஜ்ல சேர்றதுக்குக் கெடு போன வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுபோச்சு. பத்து நாள் முன்னாடி வந்திருந்தா அவன் இந்த வருஷமே சேர்ந்திருப்பான். இனி அடுத்த ஜூன் வரைக்கும் அவன் மூட்டை தூக்கணும்."

வெங்கடாசலம் நேரே சரக்குக் கொட்டகைக்குப் போய் மாரியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னார். எல்லாம் கேட்ட பிறகு அவன் சொன்னது ஒன்றுதான்.

"இத எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க ஐயா. தன்னாலதான் எல்லாம் போச்சுன்னு அவரு சோறு தின்னாம கெடக்குறாரு."

அன்று சாயங்காலம் ஊர்ச் சாவடியில் முன்சீப்பும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கடாசலம் பெரியசாமியை அங்கேயே வரவழைத்து, எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னார். "உன் வாயால ஒண்ணும் கெடல பெரியசாமி. கெடுத்தவன் நான்" என்றார். பெரியசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

முன்சீப்புக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வுடுங்க மாமா. ஊர்ல எல்லாரும் பண்றதுதானே? இதப் போயி பேஜார் பண்ணிக்கினு..."

"எல்லாரும் பண்ணிக்கினு இருக்கறதாலதான்யா அந்தப் பையன் மூட்டை தூக்குறான்" என்றார் வெங்கடாசலம். "இல்லாதவனுக்குன்னு வெச்சத இருக்கறவன் எடுத்துக்கினா அதுக்குப் பேரு திருட்டு. அதுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறவனும் திருடன்தான். பணத்த மட்டும் திருடியிருந்தா இந்நேரம் திருப்பிக் குடுத்திருப்பேன். அந்தப் பையனோட ஒரு வருஷத்தத் திருடிட்டேனே, அத எங்கேருந்து கொண்டாந்து குடுப்பேன்?"