‘எடு’ என்ற ஒரு சொல்

திங்கள்கிழமை காலை ஏழரைக்கு அண்ணன் போன் செய்தான். "கமா, இன்னைக்கு எனக்கு லீவாம். போர்டுல என் பேரே இல்ல."

ஒரு காற்புள்ளிக்காக அரை நாள் மல்லுக்கு நிற்பாள் என்று ஆபீசில் வைத்த பட்டப்பெயர் அது, வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியின் மென்பொருள் கருவி ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று, சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் ஏஐ ஏஜென்ட் படித்துப் புரிந்துகொள்ளும்படி குறிப்பு எழுதுவது அவள் வேலை. அண்ணனுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடப்பதும் அங்கேதான்.

"நர்ஸக்காகிட்ட கேட்டியா?"

"காலை செட்டு ஒன்பது பேருக்கும் இதே கதிதான். எங்க படுக்கையில வேற ஆளுங்க படுத்திருக்காங்க." பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவனுக்கு ரத்தம் சுத்தமாகவில்லை.

அவள் ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது புரோகிராமர் பதிவுகளைத் திறந்து வைத்திருந்தார். காலை செட்டின் விவரங்களைப் பார்த்து நினைவூட்டல் அனுப்பச் சொல்லி ஞாயிறன்று ஏஜென்டுக்கு உத்தரவு. அதன் கையில் இரண்டு கருவிகள்: 'காட்டு', 'எடு'. அது 'எடு'வை ஒன்பது முறை ஓட்டியிருந்தது. ஒன்பது பெயரும் வரிசையிலிருந்து போய்விட்டன. காலியான இடங்களைக் காத்திருப்போர் பட்டியல் அந்த நிமிடமே நிரப்பிக்கொண்டது. 'ஒன்பது பேரின் விவரங்களையும் எடுத்துவிட்டேன்' என்று அறிக்கை வேறு. நாளை தவறாமல் வாருங்கள் என்று ஒன்பது பேருக்கும் செய்தியும் போயிருந்தது.

"'எடு'வோட குறிப்பைப் படிங்க," என்றார் புரோகிராமர்.

'நோயாளியின் பதிவை வரிசையிலிருந்து எடுக்கும்.' வெள்ளிக்கிழமை கிளம்பும் அவசரத்தில் இரண்டே நிமிடத்தில் அவள் எழுதியது. 'எடு' என்றால் பெயரை நீக்கிவிடு என்பது அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஏஜென்டோ அதை 'எடுத்துப் பார்' என்று படித்துவிட்டது. தெரியாத ஒன்றுக்காகத்தான் குறிப்பே எழுதுகிறோம் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

டயாலிசிஸ் பிரிவுக்கு ஓடினாள். "அக்கா, தப்பு என்னோடது. இவங்களை எப்படியாவது உள்ள விடுங்க."

"ஊசி குத்தியாச்சும்மா. ரத்தம் ஓடிட்டிருக்கிற ஆளை எழுப்பவா முடியும்?" என்றார் நர்ஸக்கா. "மத்தியானமும் ஃபுல்லு. சாயங்காலம் தனியா ஒரு செட்டு ஓட்டுறேன். அஞ்சு மெஷின்தான் கிடைக்கும். யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்க முதல்ல. மீதிப் பேரு நாளைக்குக் காலையில."

எட்டுப் பேர் வரவேற்பறையில் இருந்தார்கள். ஒன்பதாமவரான பஸ் டிரைவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். போனும் எடுக்கவில்லை.

கமா பதிவிலிருந்த விலாசத்துக்குப் போனாள். கதவு தாழிடப்படவில்லை. டிரைவர் படுக்கமுடியாமல் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. "வரச் சொன்னீங்க... வந்தா பேரு இல்லைங்கிறீங்க," என்றார் திக்கித் திணறி. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் தாங்கி மூன்று மாடி இறக்கினார்கள்.

டாக்டர் ஒன்பது பேரின் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து வரிசை போட்டார். டிரைவர் முதலில். அண்ணன் ஆறாவது.

கமாவுக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. டிரைவரை அழைத்து வராமலிருந்தால் அண்ணன் ஐந்தாவது, இன்றே மெஷின் கிடைத்திருக்கும். அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"உங்க அண்ணனுக்காக டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா?" என்று நர்ஸக்கா தணிந்த குரலில் கேட்டார். கமா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

அண்ணன்தான் கையை ஆட்டினான். "வேணாங்க. நான் இருந்துக்குவேன்."

அவனை வார்டில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் காலை மெஷினில் போடும்வரை முகம் வீங்கி, தண்ணீருக்குக்கூட அனுமதியில்லாமல், தலையணையில் சாய்ந்தபடியே கிடந்தான். கமா கட்டிலருகில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எழுதினாள்.

'இந்தக் கருவி நோயாளியின் முறையை ரத்து செய்யும். விவரம் பார்க்க இதைப் பயன்படுத்தாதே. அதற்கு "காட்டு" உண்டு. ரத்தான இடம் உடனே வேறொருவருக்குப் போகும், திரும்பக் கிடைக்காது. பிரிவின் நர்ஸ் சம்மதித்த பிறகே இயக்கு.'

ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸக்கா அவள் தோளுக்கு மேலாகப் படித்தார். "இது எனக்கே புரியுதேம்மா. முதல்லயே இப்படி எழுதுறதுக்கு என்ன?"

கமா அந்தக் குறிப்பைச் சேமித்தாள். அடுத்த கருவியின் குறிப்பைத் திறந்தாள். அதிலும் ஒரே ஒரு வரிதான் இருந்தது.