வைக்கோல் பொம்மை ஏற்காத குற்றம்

ரியெக்கா நகரத்தின் கொசாலா குன்றில் இருக்கும் கார்னிவல் சங்கத்தில் புஸ்துக்குக் குற்றம் தேடுவது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. புஸ்த் என்பவன் வைக்கோல் பொம்மை. ஒரு வருஷமாக ஊரில் எதெல்லாம் கெட்டுப்போனதோ அதெல்லாம் அவன் கைவேலைதான். கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் நோன்பு தொடங்கும் புதன்கிழமை சாயங்காலம் அவனைத் துறைமுகத்துக்கு இழுத்துப்போய், குற்றங்களை வாசித்து, தீர்ப்புச் சொல்லி, கொளுத்திவிடுவார்கள். அன்றோடு ரியெக்காவில் கூத்தும் கும்மாளமும் முடிந்தது. மறுநாள் காலையில் ஊரில் எல்லோரும் யோக்கியர்கள்.

அந்தக் குற்றங்களை எழுதுகிறவனும் நேவியோதான், வாசிக்கிறவனும் நேவியோதான். அவனுடைய குரலை வேறு யாருக்குக் கொடுப்பது? நகர வானொலியில் வியாழன்தோறும் காலையில் ‘இந்த வாரம் நம்ம ஊர்ல’ என்று அவன் பேசுவான். எந்த நாடகம் எங்கே, முகமூடி நடனம் எந்தக் கூடத்தில், ஆட்டுத்தோல் போர்த்திய மணிக்காரர்கள் எந்தக் கிராமத்திலிருந்து இறங்குகிறார்கள், எல்லாம் அவன் வாயிலிருந்துதான் ஊருக்குத் தெரியும். அவன் ஒரு இடத்தைச் சொன்னால் கூட்டம் அங்கே போகும். இது நேவியோவுக்கும் தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

நோன்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு குற்றத்தை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பஸ் நேரத்துக்கு வராதது?"

"எழுதியாச்சு."

"மத்தி விலை?"

"அதுவும் ஆச்சு."

"என் பொண்டாட்டி வைக்கிற சூப்பு?"

"அதுக்குப் புஸ்தைக் கொளுத்த முடியாது. மூணு தட்டு குடிக்கிற உன்னையத்தான் கொளுத்தணும்," என்றான் கொராடோ. சங்கத் தலைவன் அவன்தான். புதன்கிழமை நீதிபதி வேஷமும் அவனுக்குத்தான்.

பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "மாலுமிகள் மன்றம் கதையை விட்டுட்டியே நேவியோ. டோன்கா கடைசி நேரத்துல கச்சேரி இடத்தை மாத்தி, ஊரையே பெயின்ட் கடை வாசல்ல குளிர்ல நிக்க வெச்சாங்களே, அதைப் போடு."

எல்லோரும் சிரித்தார்கள். நேவியோவும் சிரிப்பதுபோல வாயைத் திறந்தான். கொராடோ மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தப் பேச்சை விடுங்கப்பா," என்றான். "டோன்கா புருஷன் விலிமுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிடுச்சு. குரல்வளையையே எடுத்துட்டாங்களாம். இனிமே அவருக்குப் பேச்சு வராது."

"எப்போ?"

"கச்சேரி முடிஞ்ச திங்கக்கிழமை. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை பாடிடணும்னுதான் அந்தக் கச்சேரியே. பாவம்னு யாரும் வரக் கூடாதுன்னு வெளியில மூச்சு விடல ரெண்டு பேரும்."

நேவியோவின் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து காகிதத்தைப் பார்த்தபடி, எழுதிய வரியின்மேலேயே மறுபடி எழுதிக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். ஜனவரியில் ஒரு புதன்கிழமை டோன்கா அவனைத் தேடி வானொலி நிலையத்துக்கே வந்தார். கையில் ஒரு டப்பா நிறைய க்ரோஷ்டுலே. மாவை நாடா நாடாக வெட்டி, முடிச்சுப் போட்டு, எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவியது. கார்னிவல் வந்துவிட்டால் அந்த ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. டோன்காவும் அவர் புருஷன் விலிமும் ‘ரெண்டு மத்தி’ என்ற பெயரில் பல வருஷமாகக் கேலிப்பாட்டுப் பாடுகிறவர்கள். மீன் வால் தைத்த உடுப்பில் அவர்கள் மேடை ஏறினாலே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிடும். "சனிக்கிழமை, மாலுமிகள் மன்றம், மேல கொசாலாவுல இருக்கே அது," என்று டோன்கா சொன்னார். நேவியோ ஒரு கையால் க்ரோஷ்டுலேயைக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டு, சரி சரி என்று தலையாட்டினான்.

மாலுமிகள் மன்றம் என்றால் அவன் வயதுக்காரர்களுக்குத் துறைமுகத்தை ஒட்டிய பழைய கட்டடம்தான் ஞாபகம் வரும். நேவியோ முதல்முதலாக ஒரு பெண்ணோடு ஆடியது அங்கேதான். மன்றம் குன்றுக்கு மேலே இடம் மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பெயரும் கூடவே மேலே போய்விட்டது. கீழே இருக்கிற கட்டடத்தில் இப்போது பெயின்ட் விற்கிறார்கள். ரியெக்காவில் கட்டடம் ஒரு பக்கமும் பெயர் ஒரு பக்கமுமாக இருப்பது சகஜம். அதனாலேயே அந்த ஊரில் இடம் சொல்கிறவன் இரண்டு தடவை கேட்டுக்கொள்வான். நேவியோ ஒரு தடவைகூடக் காது கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவன் சொன்னது இப்படித்தான் இருந்தது: "சனிக்கிழமை கேலிப்பாட்டு, துறைமுகத்துல மாலுமிகள் மன்றம். ரெண்டு நெத்திலியோ மத்தியோ, ஏதோ ரெண்டு மீன் பாடப் போகுதாம்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

சனிக்கிழமை பூரா காற்று வீசியது. மலையிலிருந்து இறங்கி ஆளைத் தள்ளிக்கொண்டு போகிற காற்று அது. கொசாலா என்று தெரிந்திருந்தவர்கள்கூட, நேவியோ சொன்னால் சரியாகத்தான் இருக்கும், இடம் மாறியிருக்கும் என்று துறைமுகத்துக்கு இறங்கினார்கள். பெயின்ட் கடையின் ஷட்டருக்கு முன்னால் நடுங்கி நின்று, திட்டித் தீர்த்துவிட்டு, பக்கத்து ஒயின் கடைகளுக்குள் நுழைந்துகொண்டார்கள். மேலே, அவ்வளவு பெரிய கூடத்தில், பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் விலிம் பாடினார். ஒரு பாட்டையும் விடாமல் பாடினாராம்.

இதோடு நின்றிருந்தால் அது வெறும் தவறு. திங்கட்கிழமை ஊர் நேவியோவைப் பிடித்துக்கொண்டது. அவன் வியாழன்வரை காத்திராமல் அன்றைக்கே மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, "நாங்க என்ன பண்ண? கச்சேரிக்காரங்க கடைசி நேரத்துல இடத்தை மாத்திட்டாங்க. கலைஞர்கள் இல்லையா, மனசு மாறுற மாதிரி மன்றமும் மாறும்," என்றான். எவ்வளவு சரளமாக வந்தது பொய். பழி அப்படியே டோன்காவின் தலையில் விழுந்தது. சந்தையில் மீன்காரி முதற்கொண்டு அவரைக் கேலி செய்தார்கள். டோன்கா யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. அந்தத் திங்கட்கிழமை அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று நேவியோவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். குற்றங்களோடு இன்னொன்றைச் சேர்த்து எழுதினான். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. நன்றாக வேறு வந்திருந்தது.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. குற்றத்தில் ஊர்க்காரர் யாரையாவது தொட்டால், எரிப்பதற்கு முன்னால் அவர் வீட்டுக்கே போய் வாசித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நேவியோ டோன்காவின் வீட்டு மணியை அழுத்தினான்.

"வா தம்பி," என்றார் டோன்கா. அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

விலிம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு நீலத் துணி சுற்றியிருந்தது. நேவியோவைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டோன்கா அந்த உதட்டையே பார்த்துவிட்டு, "உக்காரச் சொல்றாரு," என்றார்.

நேவியோ வாசித்தான். பஸ்ஸுக்கும் மத்தி விலைக்கும் டோன்கா சிரித்தார். கொராடோ முடியாது என்றும் சேர்த்திருந்த சூப்புக்கு விலிமின் தோள் குலுங்கியது. பிறகு அந்த இடம் வந்தது.

"மேலும் இந்தப் புஸ்த், வானொலி நிலையத்துக்குள் புகுந்து, க்ரோஷ்டுலே தின்ற வாயோடும் கழற்றி வைத்த காதோடும், கொசாலா மன்றத்தைத் தூக்கித் துறைமுகத்தில் போட்டான். அதோடு விட்டானா? மாட்டிக்கொண்டதும், நானில்லை, அந்த அம்மாதான் என்று கை காட்டினான்."

டோன்கா மேஜைவிரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆக, புஸ்த் பண்ணினான்," என்றார்.

"எல்லாருக்கும் நான்தான்னு புரிஞ்சிடும் அக்கா."

"புரியும். சிரிப்பாங்க. நீயும் சிரிப்ப. அப்புறம் கொளுத்திட்டு ஒயின் குடிக்கப் போவீங்க. வியாழக்கிழமை நீ சுத்தமாயிடுவ."

நேவியோ அந்த வரியின்மேல் விரலை வைத்தான்.

"பஸ்ஸு, மத்தி, சூப்பு எல்லாத்தையும் அவன் தலையில போடு. அவன் தாங்குவான். இதைப் போடாத தம்பி. இது அவன் பண்ணினது இல்ல."

அந்தச் சொல் அவனைக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. காகிதத்தை மடித்தான். எழுந்திருக்கப் போனபோது விலிம் அவன் கையைத் தொட்டு நிறுத்தினார். உதடு மெதுவாக, நிறுத்தி நிறுத்தி அசைந்தது. டோன்கா மேஜைவிரிப்பை மறுபடி நீவினார்.

"என்ன கேக்குறாரு அக்கா?"

"அன்னிக்கு வியாழக்கிழமை அவரு டாக்டர்கிட்ட போயிருந்தாரு. ரேடியோ கேக்கல. நீ எங்க பேரை ரொம்ப அழகா சொன்னன்னு நான் சொல்லியிருந்தேன். எப்படிச் சொன்னன்னு உன் வாயால கேக்கணுமாம்."

டோன்கா அவனை நேராகப் பார்த்தார். அவர் அன்றைக்குக் கேட்டிருக்கிறார். நெத்திலியோ மத்தியோ, ஏதோ ரெண்டு மீன். ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, புருஷனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

ஊரையே பேச்சால் கட்டிப்போடுகிற நேவியோ தலையைக் குனிந்துகொண்டான். "பேரைச் சொன்னேன்... நல்லாத்தான் சொன்னேன் அண்ணா," என்று முனகினான். விலிம் திருப்தியாகத் தலையாட்டி, க்ரோஷ்டுலே தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். ஒன்றை எடுத்து வாயில் வைத்தான்.

புதன்கிழமை துறைமுகத்தில் கூட்டம் நெரிந்தது. நேவியோ வழக்கறிஞர் முகமூடியோடு பீப்பாய்மேல் ஏறி நின்று வாசித்தான். ஒவ்வொரு குற்றத்துக்கும் ஜனம் ஊளையிட்டது. அந்த ஒன்றை அவன் வாசிக்கவில்லை. கொராடோ, பஞ்சு மீசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலக் கேட்டான்: "இவனுக்காகப் பேச யாராவது இருக்கீங்களா?"

யாராவது குடிகாரன் வந்து உளறுகிற இடம் அது. நேவியோ முகமூடியைக் கழற்றினான்.

"நான் பேசுறேன். மன்றம் விஷயத்துல இவன் மேல குத்தம் இல்ல. டோன்கா அக்கா மேலயும் இல்ல. அவங்க சரியாத்தான் சொன்னாங்க. தப்பாச் சொன்னது நான். அப்புறம் பொய் சொன்னதும் நான்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "அழற மாதிரியே பண்றான் பாரு," என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளை இடித்துக் காட்டினாள். "விளையாட்டு இல்ல, நெஜமாத்தான் சொல்றேன்," என்றான் நேவியோ. அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அவன் எவ்வளவுக்குக் கெஞ்சினானோ அவ்வளவுக்குச் சிரிப்பு ஏறியது. இத்தனை வருஷமாக அவனே பழக்கி வைத்த சிரிப்பு. கூட்டத்தின் பின்னால் டோன்காவும் விலிமும் நின்றிருந்தார்கள். அவர்கள் இரண்டு பேர்தான் சிரிக்கவில்லை.

புஸ்த் எரிந்தான். யார் யாரோ வந்து நேவியோவின் முதுகில் தட்டி, இந்த வருஷம்தான் பிரமாதம் என்றார்கள். கொராடோ கிட்டே வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"டேய், நெஜமாவாடா?"

நேவியோ தலையாட்டினான். கொராடோ மீசையைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு விலகிப் போனான்.

வியாழக்கிழமை நோன்பு நாள். ஊரில் நிகழ்ச்சி என்று பெரிதாக ஏதும் இல்லை. ஒரு தேவாலயத்தில் சேர்ந்திசை, ஒரு புகைப்படக் கண்காட்சி, அவ்வளவுதான். சிவப்பு விளக்கு எரிந்தது. நேவியோ வழக்கமான இசையைப் போட வேண்டாம் என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்தவருக்குச் சைகை காட்டினான். முன்னால் கூட்டம் இல்லை. சிரிப்பதற்கும் ஆள் இல்லை.

"நேத்து துறைமுகத்துல நான் சொன்னது நடிப்பு இல்ல," என்று ஆரம்பித்தான். மன்றம் எது என்று டோன்கா சரியாகச் சொன்னதையும், தான் காது கொடுக்காததையும், திங்கட்கிழமை பொய் சொன்னதையும் ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரல் பிரமாதமாக இல்லை, இரண்டு இடத்தில் கம்மியது. நெத்திலிப் பேச்சை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் தன் பாரம் குறையும், ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவருக்கு மிச்சமிருக்கிற ஒன்றும் போய்விடும். அது தன்னோடேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

பிறகு மைக்குக்கு இன்னும் கிட்டே நகர்ந்தான்.

"அன்னிக்கு மேல கொசாலாவுல, மாலுமிகள் மன்றத்துல பாடினவங்க பேரு," என்று சொல்லி நிறுத்தினான். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும்படி சொன்னான். "ரெண்டு மத்தி. டோன்கா. விலிம்."