கனமான பவர் சப்ளை

விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் மரம் நனைந்துவிட்டால் பால் வெட்டு இல்லை, பால் வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. ஷாமிளா தோட்டத்திலிருந்து நடந்தே யட்டியாந்தோட்டை பசாருக்கு இறங்கி, புருஷனுக்குக் கட்டிய சோற்றுப் பார்சலோடு அவன் வேலை செய்கிற கொம்பியூட்டர் கடைக்குள் ஒதுங்கினாள். இந்திரகுமார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூலையிலிருந்த பெரிய கொம்பியூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, உள்ளே மூக்கை விட்டு மோந்துகொண்டிருந்தான்.

"இதுவும் எரிஞ்சு போச்சு முதலாளி," என்றான். "பவர் சப்ளைதான். இந்த வருஷத்துல இதோட மூணு."

இராமசாமி முதலாளிக்கு அந்தக் கொம்பியூட்டர்தான் உயிர். மற்றவற்றில் கடிதம் டைப் அடிக்கலாம், போட்டோ எடுத்துக் கொடுக்கலாம். டியூஷன் விட்டு வருகிற பையன்கள் மணிக்கணக்குப் போட்டுக் காசு கொடுத்து கேம் விளையாடுவது இதில் மட்டும்தான். அவர் அலுமாரித் தட்டிலிருந்து பளபளவென்று படம் போட்ட அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இத மாட்டுப்பா. ஐநூறு வொட்னு போட்டிருக்கான்."

இந்திரகுமார் அதைத் திறக்காமலே பெண்சாதியின் கையில் வைத்தான். "தூக்கிப் பாரு."

"லேசா இருக்குங்க. உள்ள சாமான் இருக்கா?"

"அப்படிக் கேளு." அவன் முகமெல்லாம் சிரிப்பு. "அட்டையில எத வேணும்னாலும் எழுதலாம் முதலாளி. நல்ல சாமான்னா உள்ள செம்புக் கம்பி சுத்துனது முழுசா இருக்கும், சூட்ட இழுக்க அலுமினியத் தகடு தடிப்பா இருக்கும். கனம் கைய இழுக்கும். இத மாட்டுனா கேம் ஓடுறப்ப பின்னால கைய வச்சுப் பாருங்க, காத்தே கொதிக்கும். அடுத்த தடவ எரியிறப்ப மத்த சாமானையும் சேத்துக் கொண்டு போயிரும். கொழும்புல பழைய சாமான் கடையில, வெளிநாட்டு ஆபீஸ்ல கழட்டுனது கெடைக்கும். நான் ஒண்ணு பாத்து எடுத்தாறேன்."

"பழசா?"

"பழசுதான். ஆனா அசையாது."

முதலாளி கொஞ்ச நேரம் முனகினார். பிறகு, "சரி, நாளைக்கிப் போயிட்டு வா. நல்லதா பாத்து எடு," என்றார்.

மறுநாள் விடியலில் போனவன் கடைசி பஸ்ஸிலும் வரவில்லை. மறுபடி விடிந்தபோது வானம் வெளுத்திருந்தது, ஆனால் ஷாமிளா பால் வெட்டப் போகவில்லை. கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றாள். செய்தி கொண்டுவந்தது கொழும்பு பஸ்ஸின் கொண்டக்டர். சிங்களவர், இந்திரகுமாரைத் தெரிந்தவர். சண்டைக் காலமில்லையா, வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்களாம். இவன் பையில் பேப்பரில் சுற்றிய இரும்புப் பெட்டி, அதிலிருந்து கலர் கலராக வயர் தொங்கியது. அட்டைப் பெட்டி இல்லை, பில் இல்லை. ஐடென்டிட்டி கார்டில் தமிழ்ப் பேர். குண்டோ என்று சந்தேகப்பட்டுப் பொலிசில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களாம்.

"நல்லா விளங்கப்படுத்தித்தான் சொன்னான்," என்றார் கொண்டக்டர் சிங்களத்தில். "எங்க ஆளு மாதிரியே பேசினான். அதுக்குத்தான் கேட்டாங்க, இவ்வளவு நல்லா சிங்களம் எங்க படிச்சாய்னு."

இந்திரகுமார் எங்கே படிப்பான்? சிங்களப் பையன்களோடு களனி கங்கையில் குதித்து விளையாடிய வாய் அது. கடையைத் திறக்க வந்த முதலாளியின் முன்னால் ஷாமிளா கையைக் கூப்பினாள்.

"நீங்க ஒரு தடவ வாங்க முதலாளி. நான்தான் அனுப்புனேன்னு ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க."

அவர் துவாயால் கழுத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "என் ஐடென்டிட்டிலயும் தமிழ்ப் பேர்தானே புள்ள இருக்கு. நான் போனா என்னையும் புடிச்சு வச்சுக்குவாங்க. கடையையும் வந்து கொடஞ்சு தேடுவாங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அவருடைய பயம் நிஜமான பயம்தான். அதற்காக ஷாமிளாவுக்கு வயிறு எரியாமல் இல்லை. அவர் தட்டிலிருந்து அந்த அட்டைப் பெட்டியை எடுத்தார்.

"இதக் கொண்டு போய்க் காட்டு. ரெண்டும் ஒரே சாமான்னு சொல்லு. கண்ணால பாத்தா நம்புவாங்க."

வழியில் அவளுடைய பஸ்ஸையும் மறித்தார்கள். சிப்பாய் ஒருவன் பெட்டியை வாங்கி, படத்தைப் பார்த்துவிட்டு, "கொம்பியூட்டர் சாமானா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான்.

பொலிசில் உச்சி வெயில் வரை வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். புருஷனைப் பார்க்க விடவில்லை, சோற்றுப் பார்சலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். கத்துகிற ஆள் இல்லை. அட்டைப் பெட்டியின் வாயை பிளேடால் கீறி, உள்ளே இருந்ததை எடுத்து, இந்திரகுமாரிடம் பிடித்த பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அதே அளவு, அதே காற்றாடி, அதே வயர்கள். ஷாமிளாவுக்கு மூச்சு வந்தது. தெய்வமே என்று நினைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு கையில் இதையும் மறு கையில் அதையும் தூக்கினார்.

"நங்கி," என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் கூப்பிட்டார். "ரெண்டும் ஒரே சாமான்னு சொன்னாய். இது லேசு. அது ஏன் இவ்வளவு கனம்?"

"அதுதான் சேர் நல்லது." அவளும் நல்ல சிங்களத்தில் சொன்னாள். செம்புக் கம்பியைச் சொன்னாள், அலுமினியத் தகட்டைச் சொன்னாள், லேசானது எரிந்து போகும் என்றாள். "தெறந்து பாருங்க சேர். உள்ள வேற ஒண்ணும் இல்ல."

அவர் கனமானதை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். "தெறக்கிற ஆக்கள் கொழும்புல இருக்காங்க. ஆளையும் சாமானையும் அங்கதான் அனுப்புறோம். சரி, உனக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?"

"என் வீட்டுக்காரர்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவர்கள் திருப்பிக் கொடுத்த லேசான பெட்டியோடு யட்டியாந்தோட்டையில் அவள் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. கடையில் பையன்கள் கூட்டமாக நின்றார்கள். முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"என்ன சொன்னாங்க?"

"கொழும்புக்கு அனுப்புறாங்களாம்."

"அட கடவுளே," என்றார். உண்மையாகவே கண் கலங்கினார். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட்டைய வெட்டிட்டாங்களே. இனி இத யாரு வாங்குவா."

அப்புறம் அவரே தரையில் உட்கார்ந்து அதைப் பெரிய கொம்பியூட்டரில் பூட்டினார். இந்திரகுமார் கழற்றி வைத்த ஸ்க்ரூக்கள் ஒரு சிரட்டையில் அப்படியே இருந்தன. சுவிட்சைப் போட்டதும் காற்றாடி சுற்றியது, திரை வெளிச்சமானது, பையன்கள் ஓவென்று கத்தினார்கள். ஒருவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். துப்பாக்கிச் சத்தம் கடையை நிறைத்தது.

எரிஞ்சு போ, எரிஞ்சு போ என்று ஷாமிளா மனதுக்குள் சபித்தாள். அது எரியவில்லை.

"நல்லாத்தானே ஓடுது," என்றார் முதலாளி யாரிடமோ சொல்வதுபோல. "இது போதும்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

அவள் மேசையைச் சுற்றிப் போய்க் குனிந்து, கொம்பியூட்டரின் பின்பக்கம் உள்ளங்கையை விரித்து வைத்தாள். கொதிக்கிற காற்று வந்து கையில் பட்டது. அவள் கையை எடுக்கவே இல்லை.