காற்றுக்கு முதுகு காட்டிய வாத்துகள்

மூன்றாம் நாளும் நாற்பத்தேழு வந்ததும், அவள் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினாள். அதே நாற்பத்தேழுதான். பத்து வருடமாகப் பனிக்காலம்தோறும் அண்ணனின் அறுவடை முடிந்த வயலில் இறங்கும் காட்டு வாத்துகளைச் சாலையில் நின்று எண்ணி, வனத்துறைக்கு அனுப்புகிறவள் அவள். வாத்துக் கூட்டம் ஒரு நாளும் இப்படி ஒழுங்காகக் கணக்குக் காட்டியதில்லை.

அப்போதுதான் காதில் குளிர் உறைத்தது. நேற்றுவரை கிழக்கிலிருந்து வந்த காற்று இன்று மேற்கிலிருந்து அடித்தது. வாத்து எப்போதும் காற்றைப் பார்த்தே நிற்கும். முதுகில் வாங்கினால் இறகு கலைந்து குளிர் உள்ளே புகுந்துவிடும். நாற்பத்தேழும் இன்னும் கிழக்கைப் பார்த்து நின்றன. இறகுகள் கலைந்து தூக்கி நின்றன. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

எண்ணுகிறவர்கள் வயலில் கால் வைக்கக் கூடாது, பறவை மிரளும். அவள் வைத்தாள். எதுவும் மிரளவில்லை. அருகில் போய்ப் பார்த்தாள்: எல்லாம் செத்து விறைத்திருந்தன, ஒவ்வொரு கழுத்துக்கும் ஒரு குச்சி முட்டுக்கொடுத்திருந்தது.

கோழிக் கொட்டகையிலிருந்து அண்ணன் ஓடி வந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவனுக்குச் சிறு வயதிலேயே கிடையாது.

"மண்ணு கல்லா உறைஞ்சு கெடக்கு. புதைக்கலாம்னா மண்வெட்டி இறங்கல. படுத்துக் கெடந்தா நீ ரோட்டுலேருந்தே பாத்துடுவ. அதான்..."

"பறவைக் காய்ச்சல்ல செத்தத வெறுங்கையாலயா அண்ணே தொட்ட?"

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நீ ஒரு போன் பண்ணா போதும், நாலாயிரம் கோழியையும் கொன்னு புதைச்சிடுவாங்க. அதுங்களுக்கு இன்னும் ஒண்ணும் ஆகல. கொஞ்ச நாள் பொறுத்துக்கயேன்."

அவளைப் படிக்க வைத்ததே அந்தக் கொட்டகைதான். கணக்கு நோட்டு கையில் கனத்தது. நாற்பத்தேழு என்று எழுதிவிட்டால் அது பொய்யுமில்லை என்று மனம் ஒரு கணம் சப்பைக்கட்டு கட்டியது. அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மேலே குரல்கள் கேட்டன. வடக்கிலிருந்து ஒரு கூட்டம், முந்நூறுக்குக் குறையாது, வயலை வட்டமிட்டது. கீழே சொந்தபந்தம் நிம்மதியாக மேய்வதைப் பார்த்துத்தான் வாத்து இறங்கும். வேட்டைக்காரர்கள் வாத்துப் பொம்மை வைப்பதும் இதற்காகத்தான். அண்ணனுக்கு இது தோன்றவே இல்லை.

"ஐயோ, இறங்குதுங்க! வெரட்டு அண்ணே, வெரட்டு!"

இருவரும் கத்திக்கொண்டே ஓடினார்கள். அண்ணன் மேல்சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். கூட்டம் விலகிப்போய் வயலின் மறுகோடியில் நின்ற செத்த வாத்துகளுக்கு மேல் தாழ்ந்தது. அவள் நின்று, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, கைபேசியை எடுத்தாள். அண்ணன் பார்த்தான். சட்டை அவன் கையில் தொங்கியது. அவன் தடுக்கவில்லை.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. முதல் வாத்து தரையில் இறங்கி, இறக்கையை மடக்கி, காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றது. பக்கத்தில் நின்றதன் கழுத்தை அலகால் மெதுவாகக் கோதிவிட்டது. அது குச்சியோடு சாய்ந்தது.