வறுத்த மல்லியை விதைத்தவர்

என் வீட்டுக்காரர் வாசற்படியைத் தாண்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. பாட்டில் தொழிற்சாலையில் இருபத்தொரு வருடம் விரிசல் பார்க்கும் வேலை. வரிசையாக வரும் பாட்டிலை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், பழுது அந்தப் பக்கம். இனி மெஷினே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நாள் அனுப்பிவிட்டார்கள். வந்து கட்டிலில் உட்கார்ந்தவர்தான். வெளியே போனால் யாராவது "வேலைக்குப் போகலையா?" என்று கேட்டுவிடுவார்களாம். கேட்டால் கேட்கட்டுமே, இவர் என்ன கொலையா செய்தார்? கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். எனக்குத் திட்டுவதுதான் நன்றாக வரும். மனிதர் அசையவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை எழுந்து வந்து, "மல்லி டப்பா எங்க இருக்கு?" என்றார். பால்கனியில் கிடந்த பழைய பெயின்ட் வாளியின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். பட்டுப்போன ரோஜாத் தொட்டியின் மண்ணைக் கொட்டினார். மல்லியை எண்ணி எடுத்தார், நாற்பது. ஒவ்வொன்றையும் டம்ளரின் அடியால் அழுத்தி இரண்டாக உடைத்துத் தூவி, மண் மூடி, தண்ணீர் தெளித்தார். நான் தையல் மெஷினை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகப் பார்த்தால் என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

மூன்றாம் நாள் சமையலுக்கு டப்பாவைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டுக்கு மல்லி வந்தால் அன்றைக்கே வெறும் சட்டியில் வறுத்துத்தான் டப்பாவில் போடுவேன். பூச்சி வராது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். வாளிக்குள் கிடந்தது நாற்பது வறுத்த மல்லி. ஏழு ஜென்மம் எடுத்தாலும் முளைக்காது.

சொல்லிவிடலாம்தான். சொன்னால், "இதுகூட எனக்கு வரல பாத்தியா" என்று மறுபடியும் கட்டிலுக்குப் போய்விடுவார். பிறகு யார் எழுப்புவது? வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு, தைத்த பள்ளிச் சீருடைகளைக் கொடுக்கப் போகிற சாக்கில் கடைக்குப் போனேன்.

"வறுக்காத மல்லி இருக்கா?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வறுத்து வேற விப்பாங்களாம்மா?"

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில், ஒரு பிடியை எண்ணாமல் உடைத்து வாளியில் தூவி, மண்ணைப் பழையபடி சமப்படுத்தினேன். திருட வந்தவளுக்குக்கூட அவ்வளவு வியர்த்திருக்காது.

தினமும் காலையில் அவர் வாளி முன் குத்துக்காலிட்டு உட்காருவார். பத்து நாள் வெறும் மண். அப்புறம் பச்சை தெரிந்தது. இரண்டு வாரம் தாண்டியதும் வாளி கொள்ளாமல் மண்டிவிட்டது.

"அடேங்கப்பா, உங்க கைராசியே ராசி!" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அவர் என்னிடம் ஓர் ஊசியை வாங்கி, அதன் முனையால் ஒவ்வொரு முளையாக விலக்கி எண்ணினார். முக்கால் மணி நேரம்.

"இருநூத்திப் பதினாலு."

"நல்லதுதானே?"

"நாப்பதை உடைச்சா எண்பது. அதுக்கு மேல எப்படி வரும்?"

மெஷினில் நூல் கோப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"நீயும் போட்டியா?"

"நீயும்னா?"

அவர் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்குக் கை கழுவும்போதே வறுத்த வாசனை அடிச்சுது. உன்கிட்ட சொன்னா, நானே கெடுத்துட்டேனேன்னு ஒரு வாரம் புலம்புவ. மறுநாள் நீ நூல் வாங்கப் போனப்ப வேற மல்லி வாங்கியாந்து போட்டேன். அதுவும் நாப்பதுதான்."

அதற்குமேல் கொத்தமல்லி என் கண்ணிலேயே படவில்லை.

"வாங்கியாந்தீங்களா? கடைக்கு யாரு போனா?"

"நான்தான்."

"படி இறங்கியா?"

"பறந்தா போவாங்க?"

"வழியில யாரும் பாக்கலையா?"

"மூணு பேரு பாத்தாங்க. கேக்கவும் கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"வேலை போயிடுச்சு, விதை வாங்கப் போறேன்னு சொன்னேன். முளைச்சா எனக்கும் ஒரு கட்டு குடுன்னாரு ஒருத்தரு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். நான்கு மாதம் என் உயிரை எடுத்துவிட்டு, அவ்வளவுதானாம்! வந்த கோபத்துக்கு வாய் நிறையத் திட்டியிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. மடியில் கிடந்த சீருடைச் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அது யாரோ ஓர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையுடையது. துவைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.