தங்கையின் குரலில்

அமைச்சகத்தில் அவள் மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டு விருந்தினர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், தொழில்முறை அப்படி.

அன்று வந்தவருக்கு எந்த நாட்டிலும் எந்தப் பதவியும் கிடையாது. கப்பல்களும் தொலைக்காட்சிகளும் வைத்திருக்கும் பெரும் கோடீஸ்வரர். ஆனால் அவருடைய நாட்டின் தூதரே எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்.

"துறைமுகத்தை முழுதாகத் தரமுடியாது, நாலாயிரம் பேர் வேலை செய்கிறார்கள்" என்றார் அமைச்சர்.

கோடீஸ்வரர் குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்னதை அவள் சொன்னாள்: "உங்களுக்கு வரவேண்டிய கோதுமைக்கான அனுமதி எங்கள் அதிபரின் மேசையில் இருக்கிறது. நான் ஒரு போன் போட்டால் அது அங்கேயே இருந்துவிடும்."

அமைச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

அவளுடைய அண்ணன் அந்தத் துறைமுகத்தில்தான் கிரேன் ஓட்டினான். "மேல ஏறி உக்காந்தா மந்திரிகூட எறும்புதான்" என்று சிரிப்பான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணியோடு சாப்பிட வந்தான்.

"பக்கத்து நாட்டுத் துறைமுகத்துல கூப்பிடுறாங்கம்மா. நாளைக்குள்ள பதில் சொல்லணும். இங்க ஏதோ கைமாறப் போகுதுன்னு பேச்சு அடிபடுது. உன் காதுல ஏதாச்சும் விழுந்துச்சா?"

இதுவரை அவன் அவளிடம் ஆபீஸ் விஷயம் கேட்டதே இல்லை. வாய் திறந்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. அண்ணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லண்ணா."

"அப்பாடா! இந்த வயசுல யாரு ஊரு விட்டு ஊரு போறது?" என்று இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டான்.

பத்து நாளில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொலைக்காட்சியில் நேரலை. மைக்கில் அவள் பேசினாள்: "நான் எதிர்காலத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். இனி இந்தத் துறைமுகத்தில் கிரேன்கள் ஆளில்லாமல் ஓடும்."

துறைமுகக் கேன்டீனில் எல்லோரும் தட்டில் கைவைத்தபடி கேட்டார்களாம். "இது உன் தங்கச்சி குரலாச்சே" என்று யாரோ அண்ணனிடம் சொன்னார்களாம்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு ஓடினாள். கிரீஸ் படிந்த கால்சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, அது நான் பேசினது இல்ல. அந்தாளு சொன்னதைத்தான்..."

"தெரியும்மா. டிவியில பேசினது நீ இல்ல." நிமிர்ந்து பார்த்தான். "'ஒண்ணும் இல்லண்ணா'ன்னியே, அது நீதானே?"

அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிச்சிட்டுப் போம்மா" என்றாள். இரு என்று சொல்லவில்லை.

பக்கத்து நாட்டு வேலைக்கு அதற்குள் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது ஒரு கிடங்கில் வாசற்காவல். ஞாயிறுதோறும் அவள் போன் செய்கிறாள். "இப்பத்தான் வெளிய போனாரு" என்கிறாள் அண்ணி. அண்ணிக்குப் பின்னால், அறைக்குள்ளிருந்து, அண்ணன் இருமுவது கேட்கிறது.