எட்டு மூலை அறை

சாந்தோமில் பெரிய கோயிலுக்குப் பின்புறத் தெருவில் எங்கள் வீடு. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கணவர் விக்டர் மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் டிராஃப்ட்ஸ்மேன்; பாலங்களுக்கும் பாதைகளுக்கும் படம் வரைகிற வேலை. நாற்பதில் சண்டைக்குப் போனவர் நாற்பத்தாறு தொடக்கத்தில்தான் வீடு திரும்பினார். அவர் போனபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். வந்தபோது அவர் தங்கை நோராவும் இருந்தாள். ஆனால் அவள் ஸ்டோர் ரூமை விட்டு வெளியே வருவதில்லை.

நோராவின் புருஷன் அல்போன்ஸுக்கு ரங்கூன் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. நாற்பத்தொன்றில் கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம், ஜப்பான் விமானங்கள் அந்த ஊருக்கு மேலே வந்தன. அதுவரை அங்கே குண்டு விழுந்ததில்லை. வெயிலில் விமானங்கள் மீன் கூட்டம் மாதிரி மினுங்கினவாம். சனங்கள் பதுங்காமல் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அல்போன்ஸும் வாசலில் நின்று, "நோரா, சீக்கிரம் வந்து பாரேன், எவ்வளவு அழகா இருக்கு!" என்று கூப்பிட்டான். அவள் அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் வாசலும் இல்லை, அவனும் இல்லை.

அகதிகளை ஏற்றி வந்த கப்பலில் நோரா மெட்ராஸ் வந்து சேர்ந்தாள். இதையெல்லாம் வந்த புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னாள். குண்டு விழுந்த நாள் முதல் அவளுக்கு வானத்தைக் கண்டால் ஆகாது. முதலில் குடை பிடித்துக்கொண்டு கிணற்றடி வரை போவாள். பிறகு அதுவும் நின்றது. ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாயைப் போட்டுக்கொண்டாள். அந்தச் சித்திரையில் குண்டு பயத்தில் மயிலாப்பூரே காலியானபோதும் அவளை வீட்டிலிருந்து கிளப்ப முடியவில்லை. தெருவில் விளக்கேற்ற ஆளில்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். கோயில் பாட்டுக்குழுவில் பாடிய பெண், நான்கு வருஷமாக "ம்", "வேண்டாம்" என்ற இரண்டு சொல்லோடு காலம் தள்ளினாள். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் வரட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வந்தார். ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்து, "நோரா, நான்தான்மா" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் கலீமுல்லா பாய் வந்துவிடுவார். கச்சேரி ரோட்டு மசூதிக்கு அடுத்த சந்தில் வீடு. அதே பட்டாளத்தில் சமையல் ஹவில்தாராக இருந்தவர். இரண்டு பேரும் சேர்ந்தால் பேச்சு நேராக சிரியா தேசத்தில் ஹலப் என்ற ஊருக்குப் போய்விடும். வெள்ளைக்காரன் அதை அலெப்போ என்பான். நாற்பத்திரண்டில் அங்கே பாதை போடும் வேலை இவர்களுக்கு. பாய் கருப்பு டீ போட்டு, சின்னக் கண்ணாடி கிளாஸில் எங்களுக்கும் ஊற்றித் தருவார். ஆலிவ் எண்ணெய் சோப்பு வாசம் அடிக்கும் கடைத்தெரு, கல் பாவின தெருவில் கழுதைக் குளம்புச் சத்தம், பனியில் நனைந்த பிஸ்தா மரம் என்று பேசிக்கொண்டே போவார்கள். சண்டைக்குப் போன இடத்தை இப்படிப் பிறந்த ஊர் மாதிரி ஏங்குவார்களா என்று எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

எல்லாப் பேச்சும் கடைசியில் ஒரு கட்டடத்தில் வந்து நிற்கும்.

"பீமாரிஸ்தான்" என்பார் பாய். "பீமார்னா நோவு. ஸ்தான்னா, நம்ம ஸ்தானம்தான். ஆஸ்பத்திரி, தங்கச்சி. ஆறுநூறு வருசம் ஆவுது. வாசக்கல்லுல எழுதிக் கீது, நானே படிச்சேன். அர்கூன்னு ஒரு கவர்னர் கட்டி வெச்சது."

"வாசலைப் பார்க்கணும் லூயிசா," என்பார் இவர். "மேலே தேன்கூடு மாதிரி கல்லைச் செதுக்கியிருக்கான். உள்ளே போனா பெரிய முற்றம், நடுவிலே தண்ணீர்த் தொட்டி. இரண்டு பக்கமும் உசரமான வளைவு மண்டபம். ஒரு பக்கம் சுவரே இல்லாம முற்றத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். வைத்தியர் அங்கேதான் உட்கார்ந்திருப்பாராம். அது சாதாரண நோயாளிக்கு. புத்தி கலங்கினவங்களுக்கு வேற இடம். அதுக்குப் போற வழியை நேரா விடலை. குறுகலா, இருட்டா, வளைச்சு வளைச்சு விட்டிருக்கான். இரண்டாவது வளைவிலேயே தெருச் சத்தம் அத்துப்போச்சு. மூணாவதிலே தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்."

"அப்பால எட்டு மூலைத் தாவாரம்," என்று பாய் எடுத்துக்கொடுப்பார்.

"ஆமா. எட்டுப் பக்கமும் சின்னச் சின்ன அறை. நடுவிலே தொட்டி. மேலே குவிமாடம், அதன் உச்சியிலே வட்டமா ஒரு திறப்பு. அந்த வழியா மட்டும்தான் வெளிச்சம் இறங்கும். நோயாளிங்களுக்குப் பாட்டுக்காரங்க வந்து பாடுவாங்களாம். ஊர்க்காரங்க சொன்னாங்க."

தாங்கள் போனபோது அங்கே நோயாளி யாரும் இல்லை, எப்போதோ மூடிவிட்டார்கள் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தத் திறப்பு எவ்வளவு பெருசு?"

நோராதான். பாய் கையிலிருந்த கிளாஸ் அப்படியே நின்றது. விக்டர் எழுந்து ஸ்டோர் ரூம் வாசலுக்குப் போனார். இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார். "இவ்வளவு. ஒரு முறம் அளவு."

"அதுக்கு மேல வானம் தெரியாதா?"

"தெரியாது. அந்த வட்டம் மட்டும்தான்."

பிறகு, "மழை வந்தா?" என்றாள்.

"நேரா தொட்டியிலே விழும்மா."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாய் கிளம்பும்போது வாசலில் நின்று, "இன்னா விக்டர், கட்டிடலாமா?" என்றார். ஏதோ பந்தல் போடலாமா என்கிற மாதிரி.

புழக்கடையில் இடிந்துபோன மாட்டுக்கொட்டகை ஒன்று இருந்தது. அந்த இடத்தில் எட்டு மூலையில் ஓர் அறை. ஸ்டோர் ரூமின் பின்சுவரில் கதவு வைத்து, அங்கிருந்து இரண்டு வளைவு வளைந்து போகிற ஒரு நடை. விக்டர் ஒரே மாலையில் படம் போட்டுவிட்டார். சிமென்ட்டுக்கு அப்போது கன்ட்ரோல், பர்மிட் இல்லாமல் கிடைக்காது. அடையாறு முகத்துவாரத்திலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கினோம். கொத்தனார் சண்முகவேல் தரையில் கிழித்த கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மண்டபமா சார், சமாதியா?"

"ஆஸ்பத்திரி."

"யாருக்கு சார்?"

"என் தங்கச்சிக்கு."

அவர் வேஷ்டியை மடித்துக் கட்டினார். தெருவில்தான் ஆளுக்கொரு பேச்சு. மாதாவுக்குக் குகை மாதிரிக் கெபி கட்டுகிறார்கள் என்றார்கள் சிலர். என்னுடன் வேலை பார்க்கும் மாட வீதி விஜயலக்ஷ்மி மட்டும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இங்கே ஒரு தம்பூரா வச்சுண்டு உட்கார்ந்தா எழுந்திருக்கவே தோணாது" என்றாள்.

குவிமாடம் எங்களுக்கு வாய்க்கவில்லை. ஆனி மாதம் திடீரென்று கொட்டின மழையில் சாரத்தோடு சரிந்து விழுந்தது. நல்லவேளை, அப்போது யாரும் கீழே இல்லை. விக்டர் அந்த இடிபாட்டு மேட்டைப் பார்த்தபடி ஈரத்தில் வெகுநேரம் நின்றார். "அங்கே ஆறுநூறு வருஷமா நிக்கிற மாடம்யா அது" என்றார் யாரிடமோ. அடுத்த வாரம் தேக்குக் கட்டை அடுக்கி, மெல்லிய செங்கலைச் சாய்த்துப் பாவி, நம் ஊர்த் தட்டைத் தளமே போட்டார்கள். நடுவில் முறம் அளவு வட்டம். பாய் ஒரு ஜட்கா ஸ்டாண்டிலிருந்து குதிரைகள் தண்ணீர் குடித்த பழைய கல்தொட்டி ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சுவரின் மேல் ஒரு தகரப் பீப்பாய், அதிலிருந்து தாமிரக் குழாய். பீப்பாயைக் காலையில் நான் நிரப்பினால் சாயங்காலம் வரை சொட்டிக்கொண்டிருக்கும்.

நோரா அந்தக் கதவைத் திறக்கப் பல நாள் ஆயிற்று. முதல் வளைவு வரை வந்து சுவரைத் தொட்டபடி நிற்பாள். தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்பதில் விக்டர் கண்டிப்பாக இருந்தார். அப்புறம் ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்க்கும்போது அவள் அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். தரையில் வட்டமாக வெயில் விழுந்திருந்தது. அதன் ஓரத்தில் கையை நீட்டி வைத்திருந்தாள். மேலே பார்க்கவில்லை. கை மட்டும் வெயிலில் இருந்தது. அந்தக் கை எவ்வளவு வெளுத்துப்போயிருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்.

எல்லாம் கூடி வருகிற நேரத்தில் ஒரு ஞாயிறு பகலில் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பின விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. நோரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். நான் அணைத்துப் பிடித்தேன். விக்டருக்கு முகம் செத்துவிட்டது. நடையில் நின்றிருந்த பாய் என்ன நினைத்தாரோ, பெருங்குரலெடுத்துப் பாட ஆரம்பித்தார். ஏதோ உருதுப் பாட்டு. பட்டாளத்தில் இருநூறு பேருக்குச் சோறு வடித்த மனுஷர். அந்தக் குரலுக்கும் சங்கீதத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எட்டுச் சுவரும் அதை வாங்கி வாங்கித் திருப்பி அடித்தன. விமானச் சத்தம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

நோரா காதிலிருந்து கையை எடுத்தாள்.

"பாய்," என்றாள். "சுதி சேரலை."

பாய் நிறுத்தினார். "அப்டியா நோராம்மா? இன்னா பண்ணணும் சொல்லு."

அவள் கண்ணை மூடி ஒரு சுரத்தை மெல்ல முனகினாள். பாய் அதைப் பிடிக்கப் பார்த்து இன்னும் மோசமாக இழுத்தார். நோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் அழுதுகொண்டிருந்தவள், அழுகை நிற்பதற்குள்ளேயே சிரித்தாள். விக்டர் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார்.

அன்றைக்கு முதல் ஞாயிறெல்லாம் அங்கேதான். நோரா பாடுவாள், பாய் கெடுப்பார், அவள் திருத்துவாள். ஐப்பசி மழை அந்த வட்டத்தின் வழியாகக் கயிறு மாதிரி தொட்டியில் இறங்கியபோது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற சின்னக் குழந்தை மாதிரி அவள் தலையைத் தூக்கினாள். ஒரு கணம்தான். உடனே குனிந்துகொண்டாள். மறுபடியும் தூக்கினாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "அண்ணா, அந்த ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெருசாக்க முடியுமா?" என்று கேட்டாள். விக்டர் சோற்றுக் கையோடு எழுந்து சண்முகவேலைத் தேடிப் போனார். முறம் அளவு அண்டா வாய் அளவாயிற்று. அடுத்த கோடையில் வண்டிச் சக்கர அளவு. சுதந்திரம் வந்த அன்று காலையில் தெருவெல்லாம் வெடி வெடித்தபோது அவள் அந்த அறையில் போய் உட்கார்ந்தாள். அடங்கியதும் தானே வெளியே வந்து, "எல்லாரும் மிட்டாய் தந்துட்டுப் போறாங்களே, நம்ம வீட்டில ஒண்ணும் பண்ணலையா அண்ணி?" என்றாள். நாற்பத்தெட்டில் தளம் முழுவதையுமே எடுக்கச் சொன்னாள். தேக்குக் கட்டைகளை சண்முகவேலுக்கே கொடுத்தோம். அந்த வருஷம் ஈஸ்டர் பூசைக்கு அவள் குடையில்லாமல் என்னோடு நடந்து வந்தாள். வழியில் இரண்டு தடவை என் கையை இறுக்கிப் பிடித்தாள். கோயிலில் பாட்டுக்குழுவோடு போய் நின்றாள். பாடினாளா என்று எனக்குத் தெரியாது; என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு வந்த வருஷங்களில் நோரா பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். விமானச் சத்தத்துக்கு மட்டும் கடைசிவரை அவள் பேச்சு ஒரு நொடி நிற்கும். பாய் மகளோடு இருக்க பெங்களூர் போய்விட்டார். விக்டருக்கு ஹலப்பை இன்னொரு தடவை பார்க்கிற யோகம் இல்லை. கேட்டால், "பார்த்தாச்சே" என்பார்.

ஆனால் எனக்கு இன்றைக்கும் நினைப்பில் வருவது அந்த நாற்பத்தெட்டாம் வருஷத்து ஞாயிறுகள்தான். கூரையில்லாத எட்டுச் சுவருக்கு நடுவே நாங்கள் நாலு பேர். கடல் காற்று உள்ளே புகுந்து சுற்றிச் சுற்றி வரும். மண்ணெண்ணெய் அடுப்பில் பாய் டீயைக் கொதிக்க விட்டுக்கொண்டு, "சக்கரை கம்மியா கீது, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பார். நோரா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடிப்பாள். யாருக்கும் எழுந்திருக்க மனசு வராது.